ஸ்வரத்தில் கை வைக்காதவர்

அவர் பெயரை இங்கே எழுதப் போவதில்லை. ஒரே ஒரு தடவை மைக்கில் சொல்லிவிட்டு நான் பட்ட பாடு போதும்.

மைசூர் ரயில்வே குவார்ட்டர்ஸில் எங்களுக்கு எதிர் வீடு. பட்டறையில் ஸ்டோர்ஸ் பகுதியில் வேலை. கொங்கு எல்லையை ஒட்டிய ஹனூர் பக்கம் ராமாபுரத்துக்காரர் என்பதால் பேச்சில் வரிக்கு இரண்டு ‘ங்க’ இருக்கும். ஒல்லியான உடம்பு, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலை, யாரைப் பார்த்தாலும் ஏதோ கேட்க மறந்துவிட்டவர் போன்ற முகம். பாட்டு அவருக்கு வராது. வராது என்று நான் மரியாதைக்குச் சொல்கிறேன். ஷட்ஜமத்தையும் பஞ்சமத்தையும் அடுத்தடுத்துப் பாடிக் காட்டி எது மேலே, எது கீழே என்று கேட்டால் கண்ணை மூடி நன்றாக யோசித்துவிட்டு, “ரெண்டும் நல்லாத்தானுங்க இருக்குது” என்பார்.

அப்படிப்பட்ட மனிதர்தான் தொண்ணூறுகளின் நடுவில், சொந்தமாக ஒரு கம்ப்யூட்டர் ப்ரோக்ராம் எழுதி, அதை வைத்துப் பாட்டுக்கு மெட்டுப் போட்டார்.

இதற்கெல்லாம் காரணம் அவர் மனைவி ருக்மணி. ருக்குவின் வீட்டில் பாட்டு என்பது அரிசி பருப்பு மாதிரி. அவளுடைய அண்ணன் நஞ்சன்கூட்டில் சங்கீதம் சொல்லிக்கொடுப்பவர், அந்த வட்டாரத்தில் பெயர் பெற்றவர். பெண் பார்க்க வந்த அன்று ருக்கு ஒரு கீர்த்தனை பாடினாளாம். “என்ன ராகம், சொல்லுங்க பாக்கலாம்” என்று அண்ணன் மாப்பிள்ளையைக் கேட்டிருக்கிறார். இவர் தலையைச் சொறிந்துகொண்டு, “எங்கூர்ல பாட்டுன்னா லவுட்ஸ்பீக்கருங்க. அதுக்கு மேல தெரியாதுங்க” என்று சொல்லிவிட்டார். ருக்கு அந்தப் பதிலுக்காகத்தான் சம்மதித்தேன் என்று என்னிடம் சொல்லியிருக்கிறாள். ஆனால் அண்ணன் அந்தப் பதிலை மறக்கவில்லை. அதற்கப்புறம் குடும்பத்தில் எந்த விசேஷம் என்றாலும், எல்லோரும் உட்கார்ந்து சுருதிப் பெட்டியைத் திறந்ததும், “நீங்க போய் காபிக்குச் சொல்லுங்க” என்று இவரை மட்டும் எழுப்பி அனுப்புவார். இவரும் சந்தோஷமாக எழுந்து போவார். உள்ளே உட்கார்ந்து பாடுகிற ருக்குவுக்குத்தான் வயிறு எரியும்.

“டீச்சர், அவரு ஒரு தடவைகூட கோவிச்சுக்கறதில்ல. அதான் எனக்கு ஆத்திரம்” என்பாள். நான் பக்கத்துப் பள்ளியில் கணக்கு டீச்சர், அதனால் காலனி முழுவதற்கும் டீச்சர்.

கம்ப்யூட்டர் பெங்களூரிலிருந்து வந்தது. யாரோ நண்பர் கழித்துக் கட்டியது. பச்சை எழுத்துத் திரை, கடகடவென்று சத்தம் போடும் ஒரு பெட்டி. ரயிலில் திரையை மடியில் வைத்துக்கொண்டு கைக்குழந்தையைக் கொண்டுவருவது போல் கொண்டுவந்தார். ருக்கு பழைய ஜன்னல் திரையைக் கிழித்து, ஓரத்தில் கொசுவம் வைத்து அதற்கு ஓர் உறை தைத்தாள். காலையில் எழுந்ததும் அந்த உறையை உதறிப் போட்டுவிட்டுத்தான் பல் தேய்க்கப் போவார்.

ப்ரோக்ராம் என்ன செய்யும் என்பதை எனக்கு அவர் பத்து தடவையாவது விளக்கியிருக்கிறார். ருக்கு அடுப்பங்கரையில் ஏதாவது ராகத்தை முணுமுணுத்தால் போதும், நோட்டுப் புத்தகத்தோடு போய் நின்றுகொள்வார். “இப்பப் பாடுனியே, அதை ஸ்வரமாச் சொல்லு” என்பார். அவள் பருப்பைக் கடைந்துகொண்டே சொல்வாள். காந்தாரத்துக்குப் பின்னால் பஞ்சமம் எத்தனை தடவை வந்தது, ரிஷபம் எத்தனை தடவை வந்தது என்று கோடு போட்டு எண்ணுவார். அதையெல்லாம் ஓர் அட்டவணையாகப் போட்டு மெஷினுக்குக் கொடுத்துவிட்டால், அது சோழி உருட்டுவது போல உருட்டி, ஒரு ஸ்வரத்துக்குப் பின்னால் இன்னொன்றாக வைத்துக்கொண்டே போகும். நடுவில் மீறக் கூடாத சட்டங்களையும் எழுதி வைத்திருந்தார். ராகத்தில் இல்லாத ஸ்வரம் வரக் கூடாது, ஒரே ஸ்வரம் மூன்று தடவைக்கு மேல் தொடரக் கூடாது, இந்த மாதிரி. பெட்டிக்குள் இருந்த சின்ன ஸ்பீக்கரில் அது வாசித்துக் காட்டும். கமகம் என்கிற அசைவு குழைவும் கிடையாது, ஒன்றும் கிடையாது. வேன் பின்னால் வரும்போது கத்துமே, அந்தக் குரலில் மோகன ராகம்.

முதல் தடவை அதை ஓடவிட்டது ஒரு ஞாயிற்றுக்கிழமை. ஓடவிட்டதும் பூரித்துப் போய், “யாரும் தொடாதீங்க, முடியட்டும்” என்று சொல்லிவிட்டு தேவராஜ மார்க்கெட்டுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு மணி நேரம் ஆயிற்று. பாட்டு முடியவில்லை. இரண்டு மணி நேரம் ஆயிற்று. பக்கத்து வீட்டு கன்னடக்காரர் வந்து, “ஏனு மேடம், நிம்ம மனெ அலாரம் நில்லோதே இல்வா?” என்று கேட்டார். நிற்கவே நிற்காதா என்று நானும் கேட்டேன். ருக்கு காதில் பஞ்சு வைத்துக்கொண்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்தாள். அணைக்க மாட்டேன் என்றுவிட்டாள். தொடாதே என்று சொல்லியிருக்கிறாரே.

அவர் வெற்றிலைக் கட்டும் வாழைப்பூவுமாகத் திரும்பி வந்து, வாசலில் நின்று கொஞ்ச நேரம் கேட்டார். அப்புறம் நெற்றியில் தட்டிக்கொண்டார்.

“பாட்டுன்னா முடியணும்னு அதுக்குச் சொல்ல மறந்துட்டனுங்க.”

நமக்கெல்லாம் தெரிந்த விஷயம், அதனால் யாருக்கும் சொல்லத் தோன்றாத விஷயம். அப்படி எத்தனை இருக்கிறது என்று அவரைப் பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன். மெஷினுக்குத் தெரியாதது ஒன்று கிடைத்தால் அவருக்குப் புதையல் கிடைத்த மாதிரி. அடுத்து கிடைத்தது மூச்சு. ப்ரோக்ராம் போட்ட மெட்டு ஒன்றை நான் பாடிப் பார்த்தேன். நான்கு வரியிலும் மூச்சு விட இடமே இல்லை. முகம் சிவந்து நிறுத்தினேன். மறுநாள் சாயங்காலம் கைக்கடிகாரத்தோடு வீட்டுக்கு வந்துவிட்டார். “ஒரே மூச்சுல எவ்வளவு நேரம் ஸா பிடிப்பீங்கன்னு பாக்கணுமுங்க.” நான் பிடித்தேன். அவர் கடிகாரத்தைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் செய்தித்தாளை இறக்காமலே, “இதுக்கு எதுக்கு சார் வாச்சு? அவ பேசறப்ப மூச்சே விடறதில்லையே” என்றார். இவர் அதையும் நோட்டில் குறித்துக்கொள்ளப் பார்த்தார். விளையாட்டு எது, வினை எது என்பதும் அவருக்கு யாராவது சட்டமாக எழுதிக் கொடுத்திருக்க வேண்டும்.

இத்தனைக்கும் நடுவில் அவர் விடாப்பிடியாக வைத்திருந்த கொள்கை ஒன்று. மெட்டு நன்றாக இல்லையென்றால் சட்டத்தைத் திருத்தலாம், ஸ்வரத்தைத் திருத்தக் கூடாது.

ஒருநாள் புள்ளிப் புள்ளியாக அச்சடித்த தாளைக் கொண்டுவந்தார். ஓட்டை போட்ட ஓரப் பட்டையைக்கூட அவர் கிழிப்பதில்லை. மெட்டு அருமையாக இருந்தது, ஓரிடத்தில் மட்டும் இடறியது. நான் பென்சிலை எடுத்து ‘ப’வை அடித்து ‘க’ என்று போட்டேன். சரியாகிவிட்டது. அவர் ரப்பரை எடுத்து நான் எழுதியதை அழித்து, தூசியை ஊதிவிட்டு, தாளை மடித்துக்கொண்டார்.

“ஸ்வரத்துல கை வைக்கக் கூடாதுங்க டீச்சர். தப்பு ரூல்ல இருக்குது. ரூலைச் சரி பண்ணுனா அதுவே சரியாப் போடும்.”

ஒரு வாரம் கழித்து ரூலைச் சரிசெய்துவிட்டு வந்தார். அந்த இடறல் போய்விட்டது. அதோடு அந்த மெட்டும் போய்விட்டது. முழுக்க வேறு ஒன்று வந்திருந்தது, சுமாராக. எனக்கு அழுகை வராத குறை. அவர் முகத்தில் சின்ன வருத்தம்கூட இல்லை. “இப்ப நேர்மையா இருக்குதுங்க” என்றார்.

வீட்டிலும் அப்படித்தான். சாம்பாரில் உப்புக் கூடிவிட்டால் சாப்பிட்டு முடிப்பார், தண்ணீர் ஊற்ற விட மாட்டார். சாப்பிட்டதும் உள்ளே போய் உப்புக் கரண்டியைப் பார்ப்பார். மறுவாரம் கூடின உப்பின் அளவுக்குச் சின்னதாக வேறு கரண்டி வரும். ருக்கு கரண்டியை வைத்து உப்புப் போடுவதே இல்லை என்பது அவருக்குக் கடைசிவரை தெரியாது. நான் சொல்லவில்லை. எனக்கு அந்த மனிதரை ரொம்பப் பிடிக்கும். கோபம் வருமளவுக்குப் பிடிக்கும்.

அந்த வருஷம் காலனித் தமிழர்கள் பொங்கல் விழாவை ஹாலில் கொஞ்சம் பெரிதாக நடத்துவது என்று முடிவாயிற்று. நான் மழையைப் பற்றி எட்டு வரி எழுதியிருந்தேன். அதற்கு மேல் எனக்கு வராது. ருக்கு அதைப் பாடுவதாகவும், மெட்டு எதிர்வீட்டு ப்ரோக்ராம் போடுவதாகவும் பேச்சு. நஞ்சன்கூடு அண்ணனைத் தலைமை தாங்கக் கூப்பிட்டார்கள். அவர் ஒப்புக்கொண்டார் என்று தெரிந்ததும் ருக்கு அன்றே என்னைத் தேடி வந்தாள்.

“டீச்சர், நீங்கதானே மைக்ல சொல்லப் போறது? பாட்டுக்கு முன்னாடி அவரு பேரைச் சொல்லணும். இசைன்னு சொல்லி, இனிஷியலோட. ஒரே ஒரு தடவை எங்கண்ணன் காதுல விழணும். அது போதும் எனக்கு.”

சொல்லிவிட்டு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டாள். இத்தனை வருஷக் காபிக்கும் சேர்த்துத்தான் கேட்கிறாள் என்று புரிந்தது. கண்டிப்பாகச் சொல்கிறேன் என்று கையடித்துக் கொடுத்தேன்.

மெட்டு ஒருவழியாக அமைந்தது. மோகனம், ஆதி தாளம். மெஷின் போட்ட குச்சிக் குச்சியான ஸ்வரங்களுக்கு ருக்கு கமகம் கொடுத்துப் பாடினால் எலும்புக்குச் சதை வைத்தது போல இருந்தது. விழாவுக்கு முதல் நாள் அவர் என்னிடம் ஒரு சீட்டைக் கொடுத்தார். டைப் அடித்திருந்தது. “இசை: எவரும் இல்லை. ஸ்வரத் தேர்வு: கணிப்பொறி. அட்டவணைக்கு ஆதாரம்: ருக்மணி பாடியவை.” கீழே என்னுடைய பெயர் மட்டும் பாடலாசிரியர் என்று சரியாக இருந்தது.

“என்ன சார் இது? ப்ரோக்ராமை யாரு எழுதினா?”

“நானுங்க. ஆனா மெட்டு நான் போடலீங்களே. நாளைக்கு அதே ப்ரோக்ராமை நீங்க ஓட்டுனா உங்க மெட்டுன்னு சொல்லுவீங்களா?”

“ஸ்வல்ப யோசிச்சுப் பாருங்க. ருக்கு என்ன ஆசைப்படறான்னு உங்களுக்குத் தெரியாதா?”

“தெரியுமுங்க” என்றார். “அதுக்காக இல்லாததைச் சொல்ல முடியுங்களா?”

சீட்டை வாங்கிக் கைப்பையில் போட்டேன். படிப்பதில்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

விழா அன்று ஹால் நிறைந்திருந்தது. கரும்பு, மாவிலை, குழந்தைகளின் கூச்சல். அண்ணன் முதல் வரிசையில் ஜரிகை அங்கவஸ்திரத்தோடு உட்கார்ந்திருந்தார். இவர் மூன்றாம் வரிசை ஓரத்தில், மடியில் அச்சடித்த தாளோடு. ருக்கு பச்சைப் பட்டில் மேடையில் சுருதிப் பெட்டிக்குப் பக்கத்தில். நான் மைக்கைப் பிடித்து, வகுப்பில் கடைசி பெஞ்சுக்குக் கேட்கும் குரலில், இசை என்று சொல்லி, இனிஷியல், முழுப் பெயர், பட்டறையில் அவர் வகிக்கும் பதவி வரை ஒன்று விடாமல் சொன்னேன். கைதட்டினார்கள். அண்ணன் தலையைத் திருப்பிப் பின்னால் பார்த்தார். ருக்குவின் முகத்தில் அப்படியொரு வெளிச்சம் வந்தது.

மூன்றாம் வரிசையில் ஆள் எழுந்து நின்றார்.

“டீச்சருங்க, ஒரு திருத்தமுங்க.”

ஹால் சிரித்தது. அவர் சிரிப்பு அடங்கக் காத்திருந்து, மெட்டு தன்னுடையது இல்லை, ப்ரோக்ராம் போட்டது, தான் அட்டவணையும் சட்டமும் எழுதியதோடு சரி என்று நிதானமாக, ஸ்டோர்ஸில் சாமான் கணக்கு ஒப்படைப்பவர் போல விளக்கினார். சிரிப்பு இன்னும் கூடியது. அண்ணன் மெல்ல முன்பக்கம் திரும்பி, அங்கவஸ்திரத்தைச் சரிசெய்துகொண்டார். எனக்கு அந்தத் தாளைப் பிடுங்கி அவர் வாயில் திணிக்கலாம் போல இருந்தது. ஒரு மனைவி ஆசையாகக் கேட்ட ஒரு நிமிஷத்தை ஒரு மனிதர் இப்படியா பாழ் பண்ணுவார்?

“ரீ, உக்காருங்க” என்றாள் ருக்கு, மைசூர்ப் பெண்கள் புருஷனைக் கூப்பிடுகிற அந்த ‘ரீ’யோடு. அவள் முன்னால் மைக் இருந்ததை மறந்துவிட்டாள். ஹால் முழுக்கக் கேட்டது. அவர் உட்கார்ந்தார்.

அப்புறம் அவள் பாடினாள். கோபத்தில் பாடினாளோ என்னவோ, அதற்கு முன்போ பின்போ அவள் அப்படிப் பாடி நான் கேட்டதில்லை. அண்ணன் முதல் வரிக்கு மரியாதைக்குத் தொடையில் தாளம் போட்டார். இரண்டாவது வரியில் தாளம் நின்றது. நாலாவது வரி முடிந்து பல்லவிக்குத் திரும்பும்போது அவர் தலை நிமிர்ந்தது. அதே வரி இரண்டாவது தடவை வந்தபோது கண்ணை மூடிக்கொண்டார்.

கூட்டம் கலைந்து நாற்காலிகளை மடித்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் மேடைக்குப் பக்கவாட்டில் இருந்த அறைக்கு வந்தார். ருக்கு சுருதிப் பெட்டியைத் துணியில் இறுக்கி இறுக்கிச் சுற்றிக்கொண்டிருந்தாள். இவர் அவளுக்குப் பக்கத்தில், பேசினால் நல்லதா பேசாவிட்டால் நல்லதா என்று தெரியாமல் நின்றுகொண்டிருந்தார்.

“நாலாவது வரி ரிஷபத்துல போய் நிக்குதே” என்று இவரைப் பார்த்துக் கேட்டார் அண்ணன். “அங்கேர்ந்து பல்லவி காந்தாரத்துல எடுக்கறப்ப, கதவைத் திறந்து விட்ட மாதிரி இருக்கு. அது உங்க மெஷின் போட்டதா?”

இவர் ருக்குவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், தரையைப் பார்த்தார். காது மடல் சிவந்துவிட்டது.

“இல்லீங்க. மெஷின் தைவதத்துல நிறுத்துச்சுங்க. அந்த ஒரு எடத்துல மட்டும்...” குரல் இறங்கிவிட்டது. “நான் கை வெச்சுட்டனுங்க.”

பரீட்சையில் பார்த்து எழுதிப் பிடிபட்ட பிள்ளைகள் என்னிடம் இந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

“ஏன் மாத்தினீங்க?”

“ஒத்திகையில அந்த எடம் வர்றப்பெல்லாம் இவளோட எடது புருவம் மேல போச்சுங்க. ஒவ்வொரு தடவையும். என்னடான்னு ரூலெல்லாம் பாத்தனுங்க, ஒரு தப்பும் இல்ல. ரூலைத் தொட்டா மத்த மெட்டு போயிடும், இது அவளுக்குப் புடிச்சிருந்துச்சுங்க. அதனால அந்த ஒண்ணை மட்டும் பஞ்சமமாப் போட்டு வேற தாள் அடிச்சுக் கொடுத்தனுங்க. அப்பவும் போச்சு. காந்தாரம் போட்டன், பாதி எறங்குச்சு. ரிஷபம் போட்டன். புருவம் அசையவே இல்லீங்க.”

“எனக்கு எங்கே கேக்குதுங்க” என்றும் சேர்த்துக்கொண்டார், அண்ணன் ஏதாவது தப்பாக நினைத்துவிடுவாரோ என்று.

ருக்கு தன் புருவத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள். “அப்படியா பண்ணேன்? எனக்கே தெரியாதே ரீ” என்றாள். கோபமெல்லாம் எங்கே போயிற்றோ, கண்ணில் தண்ணீர் கட்டிவிட்டது. எனக்கும்தான், மறைப்பானேன்.

அண்ணன் அந்த வரியைத் தனக்குள் மெதுவாகப் பாடி, ரிஷபத்தில் நிறுத்தி, பல்லவியை எடுக்காமல் அப்படியே விட்டுவிட்டார்.

“இன்னும் ரெண்டு எடத்துல கை வெச்சிருக்கலாம்” என்றார் பிறகு.

“எந்த எடமுங்க?”

“அதை எங்கிட்ட கேக்காதீங்க. வீட்டுக்குப் போய் இவ மொகத்தைப் பாருங்க.”

சொல்லிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டார். நஞ்சன்கூட்டில் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுக்க வேண்டும் என்றார். மடித்துப் பையில் வைக்கப் போனவர், என்னிடம் பேனா கேட்டு வாங்கி, தாளின் தலைப்பில் ‘மோகனம், ஆதி’ என்று எழுதினார். அதற்குக் கீழே ‘இசை’ என்று எழுதி, இனிஷியலோடு அவர் பெயரை எழுதினார்.

திருத்தம் சொல்வதற்கு இவர் வாயைத் திறந்தார். ருக்குவின் இடது புருவம் மேலே போயிற்று. வாயை மூடிக்கொண்டார்.